ஜபருல்லா கடைச் சைக்கிளின் பிரேக் குறித்துச் சீனி முகம்மது சொன்னது

பினாங்கு, ஜார்ஜ் டவுன் போலீஸ் ஸ்டேஷன். 1934ஆம் வருஷம், ஆகஸ்டு மாதம் 14ந் தேதி. வாடகை சைக்கிள் கடை ஜபருல்லா பேரில் முனிசிபாலிட்டி தொடுத்திருக்கும் வழக்கில் முதல் சாட்சி. எழுதிக்கொண்டவர்: ரைட்டர் சந்திரசேகரன்.

என் பெயர் சீனி முகம்மது. தகப்பனார் மர்ஹூம் காதர் மைதீன், காலமாகிவிட்டார். வயது ஐம்பத்து மூன்று. பார்க்கிறவர்கள் நாற்பதுக்கு மேல் மதிக்க மாட்டார்கள். குடியிருப்பது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவில், கறிக்கடை மாடியில். தொழில் துணி வியாபாரம். சைக்கிள் கேரியரில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க அந்த வாத்தியாரிடம் ஒன்றும் இல்லை.

இந்த விவகாரம் போலீசில் வந்து நிற்கும் என்று போன நோன்புப் பெருநாளிலேயே நான் சொல்லியாகிவிட்டது. கேட்டவர்கள் ஊரில் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். வாடகை சைக்கிள் கடைகளின் மேல் முனிசிபாலிட்டி கண் வைத்துவிட்டது, மாதாமாதம் ஒவ்வொரு சைக்கிளையும் தங்கள் கொட்டகைக்குக் கொண்டுவரச் சொல்லப்போகிறார்கள், பிரேக் பார்த்துத் தகர வில்லை அடித்தால்தான் வாடகைக்கு விடலாம் என்று சட்டம் போடப்போகிறார்கள் என்று சொன்னேன். அப்படியே நோட்டீசு வந்தது.

நோட்டீசு வந்த பிறகு கடைக்காரர்கள் எல்லோரும் ஜபருல்லாவின் கடையில் கூடினார்கள். ஜபருல்லா என்பவர் எனக்கு மருமகன் முறை. பதினான்கு சைக்கிள் வைத்துப் பள்ளிவாசலுக்கு எதிர் வரிசையில் கடை நடத்துகிறார். நான் மூட்டை கட்டிப் போகும் சைக்கிளும் அவருடையதுதான்; ஏழு வருஷமாக என்னிடம் வாடகை என்று அவர் வாய் திறந்ததில்லை. அன்று அங்கே பஷீர் என்னும் கடைக்காரரும் சூலியா தெருக் கடைக்காரர் சுப்பையாவும் இன்னும் சிலரும் இருந்தார்கள். மாதம் ஒரு நாள் எல்லாச் சைக்கிளையும் கொட்டகையில் நிறுத்திவிட்டால் அன்றைக்குக் கடையில் வெறும் சுவர்தான் இருக்கும் என்று சுப்பையா சொன்னார். நாங்கள் தினமும் காலையில் பிரேக் பார்த்துத்தான் வெளியே விடுகிறோம், பரிசோதனையை எங்களிடமே விட்டுவிடுங்கள் என்று மனு எழுதுவதென்று முடிவாயிற்று.

அதன்பிறகு முனிசிபல் துரையிடம் யார் பேசுவது என்று கேள்வி வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானாக எழுந்து நின்றதால் பார்த்தார்கள் என்று பஷீர் சொல்வது பொறாமை. எனக்கு இங்கிலீசு தண்ணீர் பட்ட பாடு. அதோடு சைக்கிள் அனுபவத்தில் என் பக்கத்தில் நிற்க இந்தத் தீவில் ஆள் கிடையாது என்பதையும் அன்றைக்கு எடுத்துச் சொன்னேன். படகில் அக்கரைக்குப் போய் அங்கிருந்து சிம்பாங் அம்பாட் வழியாகப் பத்து காவான் என்னும் ஊரின் தோட்டம் வரைக்கும் ஒரே மூச்சில் சைக்கிள் ஓட்டியவன் நான். வழியில் ரப்பர் காட்டுக்குள்ளிருந்து ஒரு புலி வந்து அரை மைல் தூரம் என்கூடவே ஓடியது. நான் மணி அடித்ததும் ஒதுங்கிக்கொண்டது. இதைச் சொன்னபோது பஷீர் ஜபருல்லாவின் பக்கம் திரும்பி, “மாமா வாயால ஓட்டுற சைக்கிளுக்கு பிரேக்கே கிடையாதுலா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜபருல்லா மட்டும் சிரிக்கவில்லை. “மாமா நமக்காகப் பேச வர்றாரு. சும்மா இருங்கண்ணே” என்றார்.

அதன்பிறகு மனுவைப் படித்த முனிசிபல் துரை, எழுத்தில் இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும், சைக்கிள்களை எஸ்பிளனேட் திடலுக்குக் கொண்டுவாருங்கள் என்று ஆள் அனுப்பினார். எல்லாக் கடைக்கும் சேர்த்து ஜபருல்லா கடைச் சைக்கிள்களைக் காட்டுவது என்று பேசிக்கொண்டார்கள். அவருடையவைதான் நல்ல நிலைமையில் இருந்தவை. முதல் நாள் பகல் முழுவதும் அவர் தரையில் உட்கார்ந்து பதினான்குக்கும் புது பிரேக் ரப்பர் போட்டார். அவர் மனைவி ருக்கையா தேங்காய் எண்ணெய் தொட்டுச் சக்கரங்களைத் துடைத்தார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தேன்.

மறுநாள் காலையில் திடலில் துரைக்கு மேசை போட்டிருந்தது. மேசையில் எங்கள் மனுவும் மைக்கூடும் இருந்தன. நான் மனுவைப் பற்றி நல்லபடியாகப் பேசினேன். பேச்சோடு பேச்சாகப் பத்து காவான் பயணத்தையும் சொல்லும்படி ஆயிற்று. துவிபாஷி அதைத் துரைக்குச் சொன்னதும் துரை சிரித்துவிட்டு, தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போடச் சொன்னார். இவ்வளவு தூரம் ஓட்டிய ஆளே ஒரு சைக்கிளில் வேகமாக வந்து இந்தக் கோட்டில் நிறுத்திக் காட்டட்டும் என்றார். ஜபருல்லா, நான் ஓட்டுகிறேன் என்று முன்னால் வந்தார். பின்னாலிருந்து பஷீர், “மாமாவே ஓட்டட்டும்லா, புலிக்கே வழி விடாதவரு” என்றார். கடைக்காரர்கள் கை தட்டினார்கள். ஜபருல்லா தோளில் கிடந்த துண்டை எடுத்து எனக்காக சீட்டைத் துடைத்துவிட்டார்.

அதன்பிறகு நான் ஏறினேன். ஆரம்ப வேகத்துக்காகப் பஷீரைப் பின்னாலிருந்து தள்ளச் சொன்னேன். அவர் வேண்டிய அளவுக்கு மேலேயே தள்ளினார். சைக்கிள் காற்றாய்ப் பறந்தது. கோடு வந்ததும் பிரேக்கை இரண்டு கையாலும் இறுக அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். மூன்றாவது தடவையும் அழுத்தினேன். நிற்கவில்லை. நேராகப் போய்த் துரையின் மேசையில் மோதினேன். மைக்கூடு கவிழ்ந்து மை துரையின் வெள்ளைக் கால்சட்டையிலும் மனுவின் மேலும் கொட்டியது. என் முழங்காலில் அடி. சைக்கிளின் முன் சக்கரம் வளைந்து பிரேக் கம்பிகளும் முறிந்துபோனதால், அதற்குப் பிறகு அந்தப் பிரேக்கை யாரும் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் போயிற்று.

என்ன நடந்தது என்று துவிபாஷி கேட்டார். பிரேக் வேலை செய்யவில்லை என்று சொன்னேன். துரை அதை எழுதிக்கொண்டார்.

அதன்பிறகு மனு தள்ளுபடியானது. மாதப் பரிசோதனைச் சட்டம் எல்லாக் கடைக்கும் வந்துவிட்டது. ஜபருல்லாவின் சைக்கிள்கள் முழுவதையும் திடலிலேயே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பழுதான சைக்கிளை ஆளுக்குக் கொடுத்து உயிருக்கு ஆபத்து உண்டாக்கினார் என்று வழக்கு. குற்றம் நிரூபணமானால் இனி எப்போதும் கடைக்கு லைசென்சு கிடைக்காது என்கிறார்கள். இதுவும் நான் எதிர்பார்த்ததுதான் என்று சொல்ல வந்தேன். அதை எழுத வேண்டாம் என்று ரைட்டரிடம் சொன்னேன். அவர் எழுதிவிட்டார்.

கேட்டதற்குச் சொல்வது: ஜபருல்லாவுக்கும் எனக்கும் பகை கிடையாது. அன்று சாயங்காலம் அவர் என் மாடிக்கு வந்தார். கையில் எண்ணெய்ப் புட்டி வைத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்து அதற்குத் தக்க பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கீழே உட்கார்ந்து என் முழங்காலில் எண்ணெய் தேய்த்தார். தேய்த்தபடியே, “நான் போட்ட ரப்பர்தான் மாமா. எந்த இடத்துல கை தப்புச்சுன்னே தெரியல. உங்களைக் கொண்டுபோய் விழ வச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க” என்றார். பரவாயில்லை என்று சொன்னேன். ருக்கையா மீன் ஆணமும் சோறும் கொடுத்து விட்டிருந்தார். அதைச் சாப்பிட்டேன்.

கேட்டதற்குச் சொல்வது: இன்று ஸ்டேஷனுக்கு என்னைக் கூட்டிவந்ததும் ஜபருல்லாதான். கால் வலியோடு நடக்க வேண்டாம் என்று பஷீரிடம் சைக்கிள் இரவல் வாங்கி, என்னைக் கேரியரில் உட்காரவைத்து ஓட்டிவந்தார். ஒவ்வொரு முனையிலும் என் கால் குலுங்காதபடி முன்கூட்டியே பிரேக்கை மெல்ல அழுத்தினார். வழியில், “போன வாரம் இந்த பிரேக்கும் நான் மாட்டுனதுதான் மாமா, இது நிக்குது பாருங்க” என்றார். எனக்குச் சொன்னதா தனக்கே சொல்லிக்கொண்டதா தெரியவில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு ரைட்டர் எனக்கு வாசித்துக் காட்டினார். மூன்று தடவை பிரேக்கை அழுத்தினேன் என்ற இடம் வந்தபோது நிறுத்தச் சொன்னேன். மறுபடி அந்த இடத்தை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். கையெழுத்துப் போடப் பேனாவைக் கொடுத்தார். வாங்கிக் கீழே வைத்துவிட்டேன். உடம்பு சரியில்லையா அண்ணே, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், அந்த இடம் மட்டும் நான் சேர்த்துச் சொன்னது, மாற்றி எழுத வேண்டும் என்றேன்.

மாற்றிச் சொல்வது: அன்று நான் பிரேக்கை ஒரு தடவையும் அழுத்தவில்லை. பிரேக் ஹேண்டிலில் எங்கே இருக்கிறது என்று கை தேடவும் இல்லை. ஹேண்டிலை விட்டால் விழுந்துவிடுவேன் என்று அதையே இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஏழு வருஷமாக மூட்டையைக் கட்டித் தள்ளிக்கொண்டேதான் போயிருக்கிறேன். மூட்டை இருப்பதால் ஏன் ஏறி ஓட்டவில்லை என்று யாரும் கேட்டதில்லை. இத்தனை கடைக்காரர்களுக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. விழுந்த பிறகு பிரேக் மேல் பழி சொல்வது சுலபமாக இருந்தது. ஜபருல்லா போட்ட ரப்பரில் பழுது இருந்ததாக எனக்குத் தெரியாது. அதைச் சோதிக்கும் வேலையை நான் செய்யவேயில்லை.

அப்படியானால் புலி என்று ரைட்டர் கேட்டார். அதையும் அடித்துவிடச் சொன்னேன்.

ஜபருல்லா என்னைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எழுதியதை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டும்படியும், நான் நடந்தே போய்க்கொள்வேன் என்று சொல்லும்படியும் ரைட்டரைக் கேட்டுக்கொண்டேன். முதலில் சொன்னதில் இப்படித் திருத்தியது போக, மற்றது நடந்தபடி இருக்கிறது. யாரும் மிரட்டாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், முழு நினைவோடு சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

கா. சீனி முகம்மது