புல் எரிந்த வியாழக்கிழமை

எங்கள் பக்கத்தில் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் காபிக்கடையில் எவரும் முதலில் கேட்பது, இந்த வருஷம் பறவை எப்படி என்பதைத்தான். கோதுமை எப்படி என்று கேட்க மாட்டார்கள். அது மானாவாரிக்காரன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பறவை நிலவரம் சொல்ல வெண்டல் இருந்தான். இந்த வருஷம் அவன் இல்லை, அதனால் நேற்று என்னிடம் கேட்டார்கள். சுமாராக இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீங்கள் எழுதிக்கொள்ளலாம் ஐயா. நான் நிதானமாகவே சொல்கிறேன்.

பெயர் ஆர்வின் ரூஸ்டாட். வயது அறுபத்து நான்கு. அப்பா விட்டுப்போன நிலத்தில் நாற்பது வருஷமாகக் கோதுமை போடுகிறேன். மொன்டானாவில், அதுவும் கனடா எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில், மழையை நம்பிக் கோதுமை போடுவது என்னவென்று உங்களுக்கே தெரியும். ஒரு பட்டையில் விதைப்பேன், அடுத்த பட்டையைத் தரிசாக விடுவேன். மறு வருஷம் மாற்றிப் போடுவேன். இரண்டு வருஷத்து ஈரத்தைச் சேர்த்துவைத்து ஒரு வெள்ளாமை. அதையும் சில வருஷம் ஆலங்கட்டி மழை அடித்துப் போகும்.

வெண்டல் டோஃப்டே என் தங்கை மார்லிஸின் புருஷன். என் நிலத்துக்குக் கிழக்கே அவன் நிலம், ஒரு சதுர மைல், ஒரு மண்சாலை மட்டும்தான் நடுவில். மண் என்னுடையதைவிட நல்ல மண். பதினோரு வருஷத்துக்கு முன்னால், மழை இரண்டு முறை அடுத்தடுத்துப் பொய்த்தபோது, அதை அப்படியே அரசாங்கத்தின் புல்நில ஒப்பந்தத்தில் விட்டான். பத்து வருஷம் கலப்பை படக் கூடாது. புல்லும் குதிரைமசாலும் விதைத்துவிட்டுச் சும்மா இருந்தால் அரசாங்கம் குத்தகை கொடுக்கும். அன்று என் களத்தில், டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு, "பத்து வருஷம் போகட்டும் மச்சான். மண்ணு நல்லா தூங்கி எந்திரிக்கட்டும். அப்புறம் நீயே உழுதுக்க," என்றான். எழுதி வாங்கவில்லை. தங்கை புருஷனிடம் யார் எழுதி வாங்குவார்கள்?

புல் இடுப்பளவு வந்தது. மூன்றாம் வருஷம் கவுதாரி வந்தது, பிறகு ஃபெசன்ட் காட்டுக்கோழி. அக்டோபரில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் துப்பாக்கியும் நாயுமாக வந்து அவன் வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றி, உள்ளே போகலாமா என்று கேட்டார்கள். அவனும் எல்லாரையும் விட்டான். ஆகஸ்ட் விடியலில் குஞ்சுகள் பனியில் நனைந்த இறகை உலர்த்தச் சாலை ஓரத்துக்கு வரும். வெண்டல் தன் நாய் ஹேஸலோடு நடந்து போய் அவற்றை எண்ணுவான். ஒரு தாய்க்கு எட்டுக் குஞ்சு இருந்தால் நல்ல வருஷம் என்பான். அந்த எண்ணிக்கையைக் கேட்கக் காபிக்கடையே காத்திருக்கும். என் கோதுமையை எண்ணிச் சொல் என்று எவரும் கேட்டதில்லை.

போன வருஷம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து நேரே அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். மார்லிஸ் இனிப்புக்கு ரூபார்ப் பை சுட்டு, துண்டு போட்டு வைத்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சு மச்சான்," என்றான் வெண்டல். "இன்னும் பத்து வருஷம்."

"எனக்குத் தரேன்னு சொன்னியேப்பா."

"சொன்னேன். அப்போ எனக்கு முட்டி நல்லா இருந்துச்சு, உனக்குத் தலையில முடி இருந்துச்சு. எல்லாம் அப்படியேவா இருக்கு?"

"அண்ணனை ஏங்க சீண்டுறீங்க?" என்றாள் மார்லிஸ், சிரித்துக்கொண்டே.

"சீண்டல புள்ள. உங்கண்ணன் நாப்பது வருஷமா கோதுமை போட்டு வெட்டுக்கிளி வளக்குறாரு. நான் கைய கட்டிக்கிட்டு உக்காந்து கவுதாரி வளக்குறேன். எது புத்திசாலித்தனம், நீயே சொல்லு."

நானும் சிரித்தேன். இரண்டாவது துண்டும் வாங்கிச் சாப்பிட்டேன். கோபம் வந்ததாக நினைவில்லை. பத்து வருஷம் போனால் எனக்கு எழுபத்து மூன்று என்று மட்டும் தோன்றியது.

புல் எரிந்தால் திரும்ப முளைக்கும். இதை நான் பலமுறை யோசித்தேன். பறவைக்குச் சிறகு இருக்கிறது. எவருக்கும் நஷ்டமில்லை. கறுத்த நிலத்தை ஒரு மாசம் ஜன்னல் வழியே பார்த்தால் அவனுக்கே அலுத்துப்போய், சரி நீயே உழு என்பான் என்று நினைத்தேன். அது நடக்கக்கூடியதாகவே பட்டது. ஆகஸ்ட் மூன்றாம் வாரம் புல் நன்றாகக் காய்ந்திருந்தது. புதன்கிழமை, இன்னும் அறுக்காத என் பட்டையைச் சுற்றிச் சட்டிக் கலப்பை ஓட்டி வெறும் மண்ணாக்கினேன். ஆர்வின் முன்ஜாக்கிரதைக்காரன் என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். தீயை விசாரித்து நீங்கள் எழுதிய அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை மதியம் வெண்டல் சீட்டாடப் பட்டணம் போவான். மழையானாலும் போவான். அதனால்தான் வியாழன். புல்லுக்குள் போகும்போது அவன் வண்டியை நிறுத்துகிற வடக்கு வேலி வாசலை முதலில் போய்ப் பார்த்தேன். வண்டி இல்லை. நான் கவனமில்லாமல் செய்யவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். பிறகு மேற்குச் சாலைப் பள்ளத்தில் இறங்கி, ஒரு தீக்குச்சி கிழித்தேன். ஒன்றே போதுமாக இருந்தது. அறிக்கையில் ஏதோ வண்டியின் சூடான புகைக்குழாயாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தீக்குச்சி.

காற்று மேற்கிலிருந்து. தீ கிழக்கே ஓடியது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு தெற்குச் சாலைக்குப் போய் நின்றேன். அறுவடை நாளில் எல்லார் வண்டியிலும் இருப்பதுபோல என் வண்டியிலும் இருநூறு காலன் தண்ணீரும் பம்பும் இருந்தன. தீ என் பக்கம் திரும்பினால் தடுக்கலாமென்று நின்றேன்.

அப்போது புல்லுக்குள்ளிருந்து ஹேஸல் ஓடி வந்தது.

அந்த நாய் வெண்டல் இல்லாமல் எங்கேயும் போகாது. அது என் முழங்காலில் முட்டி, திரும்பிப் புல்லைப் பார்த்துக் குரைத்து, மறுபடி என்னிடம் வந்தது. உள்ளே போகப் பார்த்தது. நான் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து, வண்டிக்குள் போட்டுக் கதவைச் சாத்தினேன். கண்ணாடியையும் ஏற்றிவிட்டேன். புகைக்காக ஏற்றினேன் என்று அன்று உங்களிடம் சொன்னேன். குரைப்புக்காகத்தான் ஏற்றினேன். நாயைக் காப்பாற்றியதும் உண்மைதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கைபேசி சட்டைப் பையில் இருந்தது. குழாயை இழுத்துக்கொண்டு நூறடி உள்ளே போய் நனைத்திருந்தால் ஒரு ஆள் நடந்து வர வழி கிடைத்திருக்கும். முட்டி வலிக்காரன் மெதுவாகத்தான் வருவான். ஆனால் வந்துவிடுவான். வந்தால் என்னைப் பார்ப்பான், தீ ஆரம்பித்த இடத்தைப் பார்ப்பான், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பான். மார்லிஸிடம் சொல்வான். நான் நினைத்தது இவ்வளவுதான். நினைத்துக்கொண்டே நின்றேன். நிற்பதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

கால் மணி நேரம் கழித்து, இரண்டு மைல் தள்ளிப் போய், தீயணைப்புக்கு முதல் ஆளாகப் போன் செய்தவன் நான்தான். பிறகு மற்றவர்களோடு திரும்பி வந்து, கை கொப்பளிக்கும்வரை தண்ணீர் அடித்தேன். சவப்பெட்டியை வலது பக்கம் முன்னால் பிடித்துத் தூக்கினேன். மார்லிஸ் நாயை என்னிடமே கொடுத்தாள். செப்டம்பரில் நிலத்தையும் கொடுத்தாள். ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, "நீயே உழுதுக்கண்ணே. அந்தப் புல்லு திரும்ப முளைக்கிறத என்னால பாக்க முடியாது," என்றாள். உழுதேன். மண் நன்றாகத்தான் தூங்கியிருந்தது. இந்த ஜூலையில் அதில் வந்த கதிர்போல் நாற்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. அறுத்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதி அப்படியே நிற்கிறது, போய்ப் பார்க்கலாம்.

நிறுத்தியது மார்லிஸால். அவள் சாப்பிடுவதில்லை. நான் போகும்போதெல்லாம் ஒன்றையே சொல்கிறாள். அந்த வியாழக்கிழமை வெண்டலின் வண்டி பேட்டரி செத்துப்போய்க் கிளம்பவில்லை. அவள் காரைக் கேட்டிருக்கிறான். தேவாலயத்தில் பெண்களோடு ஊறுகாய் போட இவளுக்குக் கார் வேண்டியிருந்தது.

"'சீட்டாடலன்னா செத்தா போயிடுவீங்க, போய் உங்க கவுதாரியப் பாருங்க'ன்னு நான்தாண்ணே அனுப்பினேன். என் வாயால அனுப்பினேன்."

"உன் மேல தப்பில்லம்மா," என்பேன்.

"நீ எப்பவும் அதையேதான் சொல்ற. நீ தெற்குச் சாலையிலதான இருந்த? அவரு கத்தினாராண்ணே? என்னைத் திட்டினாரா?"

"காத்து அடிச்சுதும்மா. ஒண்ணும் கேக்கல."

ஒரு வருஷமாக இதையே சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கிக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் என் கையைப் பிடித்து, "நான்தான் கொன்னேன்னு நீயாவது ஒத்துக்கோயேன்," என்றாள். அவள் மணிக்கட்டு விறகுக்குச்சி மாதிரி இருந்தது. அன்றிலிருந்து தூக்கமில்லை. அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு அவள் முகத்துக்கு நேராகச் சொல்லத் தைரியமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, ஐயா. காற்று அடித்தது உண்மை. ஆனால் அது திசை மாறி, வடக்கிலிருந்து தெற்குச் சாலையை நோக்கித்தான் அடித்தது. அதனால் கேட்டது, பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்டது. அவன் திட்டவில்லை. காப்பாற்று என்றும் கேட்கவில்லை. புல்லுக்குள் இருந்த ஒரு மேட்டிலிருந்து என் வண்டியைப் பார்த்திருக்கிறான். தீ என்னை நோக்கித் திரும்பியதையும் பார்த்திருக்கிறான்.

"மச்சான், நிக்காத! வண்டிய எடுத்துட்டு ஓடு! தீ உன் பக்கம் வருது, ஓடு!"

அவன் சொன்னபடியே செய்தேன்.