இரண்டாவது இணைப்பு

வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு விபிஎன்னைச் சோதிப்பதில் பயனில்லை, ஐயா. எல்லாம் சரியாக இருப்பது போலவே காட்டும். வைஃபையை நிறுத்திவிட்டு, கைபேசி டேட்டாவில், வாசல் படலைக்கு வெளியே நின்று முயன்றால்தான் உண்மை தெரியும்.

சிவலட்சுமி அன்ரி வீட்டில் அப்படித்தான் செய்தேன். மகன் நிருஷனுக்குக் கட்டாரில் வேலை. மல்லாவியில் தனியே இருக்கும் தாயைக் குசினியிலும் ஹோலிலும் பூட்டிய கமெராக்களில் பார்க்க விரும்பினான். வேறு எவரும் பார்க்கக் கூடாது. ரவுட்டரிலேயே விபிஎன் சேர்வரை இயக்கினால், சாவி எனும் இரகசியக் குறியீடு உள்ளவர் மட்டும் வெளியிலிருந்து வீட்டு இணைப்புக்குள் நுழையலாம். முதலில் நுழைய முடியவில்லை. கரண்ட் போய் வரும்போதெல்லாம் இணைப்பின் முகவரி மாறியது. அதற்கு மாறாத ஒரு பெயர் கொடுத்தேன். படலையடியில் நின்ற என் கைபேசியில் குசினி தெரிந்தது. அன்ரி எனக்காகத் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

“இனித் தலை சீவிப்போட்டுத்தான் குசினிக்குள்ள வரவேணும் போல,” என்று சிரித்தார்.

சோதனைக்கென்று எனக்கும் ஒரு சாவி உருவாக்கியிருந்தேன். வேலை முடிந்ததும் அழிப்பது வழக்கம். இணைப்பு அறுந்தால் உடனே தெரியட்டும் என்று விட்டுவைத்தேன். என் கைபேசிக் கடையில் ஆட்கள் இல்லாதபோது பார்ப்பேன். கறிவேப்பிலை உருவுவார். வானொலியில் பேசுபவருக்குப் பதில் சொல்வார். மழை நாட்களில் ஹோலுக்குள் உடுப்பு மாற்றுவார். அப்போது கைபேசியைக் கவிழ்த்து வைப்பேன். பெரும்பாலும்.

ஒருநாள் நிருஷன் அழைத்தான்.

“அண்ணை, ரவுட்டரில ரெண்டு பேர் இணைஞ்சிருக்கினம் எண்டு காட்டுது. மற்றது ஆர்?”

“பழைய சோதனைச் சாவி, தம்பி. அழிச்சுவிடுறன்.”

அழிக்கவில்லை. அவன் வழக்கமாக இணையும் வேளைகளில் நான் வெளியேறிக்கொண்டேன்.

பங்குனியில் ஒரு காலை அன்ரி குசினியில் வழுக்கி விழுந்தார். தலை சீமெந்து விளிம்பில் அடிபட்டது. கை அசைந்தது. கமெராவைப் பார்த்து மகனின் பெயரைச் சொன்னார். நான் மோட்டார் சைக்கிளில் ஏறினேன்; அடுத்த தெருதான். போனால், எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். இறங்கினேன்.

நிருஷன் இணைந்தால் மறுபடியும் இரண்டு பேர் என்று காட்டும். நான் வெளியேறியிருக்கலாம். அன்ரியை அந்த நிலையில் விட்டுப் போக மனம் வரவில்லை. ஆகவே அவனுடைய சாவியை நிறுத்தினேன்.

மதியம் அழைத்தான்.

“அண்ணை, கமெரா வருகுதில்லை. அம்மாவும் போன் எடுக்கிறா இல்லை. ஒருக்காப் போய்ப் பாக்கிறியளே?”

“லைன் பிழை. அன்ரியை இப்பதான் சந்தையில கண்டனான். சுகமா இருக்கிறா.”

“அப்ப சரி. பெரிய உபகாரம் அண்ணை.”

பொழுதுபடும்போது பக்கத்து வீட்டு அமராவதி அக்கா போய்க் கண்டார். உடல் குளிர்ந்திருந்தது. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம். நிருஷன் வந்திறங்கி என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“விழுந்து கிடந்த அம்மாவைச் சந்தையில எப்பிடி அண்ணை கண்டனீங்கள்?”

அந்தக் கேள்வியால்தான் இந்தப் பொலிஸ் நிலையத்தில் உங்கள் முன்னால் இருக்கிறேன்.

இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் திருத்தி எழுதுங்கள், ஐயா. அவர் தனியே கிடந்து இறந்தார் என்று ஊர் பேசுகிறது. அது பிழை. மூச்சு நிற்கும்வரை நான் கண்ணை எடுக்கவேயில்லை.