சூடு என்றொரு சொல்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாய் முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே, வேலை முடிந்த கையோடு ஓடிவந்த தாய்மார்களே, கதவோரம் நின்று கடிகாரம் பார்க்கும் அண்ணன்மார்களே, எல்லோருக்கும் இந்தச் சலவைக்கூடத்துக்காரியின் வணக்கம்!

மாதவிடாய் நிற்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்குள் அண்ணன்மார் செருப்பைத் தேடுகிறார்கள். இருங்கள் ஐயா, உங்களைப் பெற்றவளின் கதைதான் இது.

என் அக்காள் இருபத்தாறு ஆண்டு நம் கூடத்தின் கடைசி அறையில் இஸ்திரி போட்டவள். நாற்பத்தொன்பது வயதில் நெஞ்சிலிருந்து முகம்வரை திடுமென அனல் ஏறியது, தொப்பலாய் வியர்த்தது, மறுநொடியே குளிர்ந்தது. மேற்பார்வையாளர் என்ன சொன்னார்? இஸ்திரிப் பெட்டிச் சூடு என்றார். தூக்கம் தொலைந்தது. அத்தான் என்ன சொன்னார்? உடம்புச் சூடு என்றார். சுள்ளென்று கோபம் வந்தது. பெற்ற மகன் என்ன சொன்னான்? அம்மாவுக்கு மண்டைச் சூடு என்றான். படியில் தடுக்கி மணிக்கட்டு முறிந்தபோது மட்டும் சூடு என்று சொல்ல வழியில்லை, வயசு என்றார்கள்.

சினைப்பை ஓய்கிறது, சுரப்பு குறைகிறது, அதனால்தான் அனலடிக்கிறது, எலும்பு மெலிகிறது என்று சொல்ல ஓர் ஆள் உண்டா? இல்லை. சொல்லத்தான் எல்லோருக்கும் ஒரு சொல் இருந்ததே!

ஐம்பத்தொன்றில் அவளுக்கு நின்றது. இரண்டு ஆண்டு கழித்து ஒருநாள், நான் துணி மடிக்கும் மேசைக்கு வந்து காதோடு கேட்டாள்.

"ஏண்டி, மறுபடியும் சேலையில பட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கட்டுமா?"

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அது சூடுக்கா. தண்ணி நெறைய குடி."

பின்வரிசையில் ஓர் அம்மா 'ஆமா, சூடுதான்' என்கிறார். தாயே, உங்கள் வாயில் என் குரலைக் கேட்கிறேன்.

குடித்தாள். இஸ்திரி மேசையில் பாட்டில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் குடித்தாள். பிறகு வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சோதனையெல்லாம் முடிந்து, கருப்பையில் புற்று, வெளியேயும் பரவிவிட்டது என்றார் மருத்துவர் அம்மா. ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டார். அக்காள் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

"சூடுன்னு நெனச்சிட்டோம்மா."

'நெனச்சிட்டோம்' என்றாள். அவள் எங்கே நினைத்தாள்? போகட்டுமா என்று கேட்டவள் அவள். நினைத்தவள் நான்! சாகும்வரை என்னை அவள் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால்தான் இந்த மேடையில் நானே காட்டிக்கொடுக்கிறேன்.

நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் போங்கள். எல்லாம் புற்றல்ல, ஆனால் பார்க்காமல் எதுவென்று தெரியாது. அனலும் தூக்கமின்மையும் பொறுக்க முடியாவிட்டால் அதற்கும் வைத்தியம் உண்டு, கேளுங்கள். அண்ணன்மார்களே, கேட்டு வரும் பெண்ணுக்குத் தண்ணீர் நீட்டாதீர்கள், துணைக்குப் போங்கள்.

சூடு சொரணை என்று சேர்த்துத்தான் சொல்வார்கள் நம்மவர்கள். சூட்டையெல்லாம் அவள் தலையில் கட்டினோம். சொரணை நமக்கல்லவா இருந்திருக்க வேண்டும்?

எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கு நன்றி. ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று கேட்ட என் அக்காளுக்கு, இத்தனை பேர் முன்னால், காலம் கடந்த பதில்: போ அக்கா, நானும் வருகிறேன். வணக்கம்.