நாற்பது நாள் மாற்றிய தண்ணீர்

சிவனேஸ்வரி: வை… வை பிள்ளை! வாளியை அப்பிடியே வை. நான் தூக்கிறன்.

யோகராணி: அரை வாளிதானே மச்சாள். நாற்பது நாளாத் தூக்கின வாளி.

சிவனேஸ்வரி: அதுதான் சொல்லுறன், தூக்கினது காணும். கதிரையில இரு.

யோகராணி: இருக்க நேரமில்லை. உப்பைக் கரைக்கவேணும்… ரெலிபோன் ஏதும் வந்ததோ?

சிவனேஸ்வரி: வேலையால வந்து அரை மணித்தியாலமாகேல்லை, மூண்டாந்தரம் கேக்கிறாய்.

யோகராணி: மூண்டு தரமும் நீங்கள் மறுமொழி சொல்லேல்லையே.

சிவனேஸ்வரி: வரேல்லை.

யோகராணி: மத்தியானம்…?

சிவனேஸ்வரி: வரேல்லை எண்டால் வரேல்லை. முதல்ல அந்தக் கம்பளிச் சட்டையைப் போடு. இந்த மெல்பேணில ஆனி மாசம் எண்டால் எலும்புக்குள்ள ஐஸ் வைக்குது.

யோகராணி: அப்ப நானே எடுத்துக் கேக்கிறன். ரெலிபோன் பூட்டின்ர திறப்பைத் தாங்கோ.

சிவனேஸ்வரி: என்னத்துக்கு அவசரம்? அந்த ஆஸ்பத்திரி மனிசி தானே எடுக்கிறன் எண்டு கடிதம் போட்டவ.

யோகராணி: அஞ்சு மணிக்குள்ள முடிவு சொல்லவேணும் எண்டும் போட்டவ. இப்ப நாலரை. பயிற்சிக்கு ரெண்டு இடம்தான் கிடக்கு மச்சாள். அஞ்சு தாண்டினா அடுத்த ஆளுக்குக் குடுத்திடுவினம்.

சிவனேஸ்வரி: குடுக்கட்டுமன்.

யோகராணி: என்ன?

சிவனேஸ்வரி: இல்லை… உப்பு. உப்புக் காணுமோ எண்டு கேட்டனான்.

யோகராணி: யாழ்ப்பாணத்தில எட்டு வருசம் நேர்ஸாய் இருந்தனான். இஞ்ச மூண்டு வருசமாக் கிழவன் கிழவியளின்ர கட்டிலைத் துடைக்கிறன். இந்தப் பயிற்சி முடிச்சாத்தான் இந்த நாட்டில எனக்கு நேர்ஸ் எண்டு பேர். அது உங்களுக்கு விளங்கேல்லையோ?

சிவனேஸ்வரி: விளங்குது, விளங்குது. நீ உப்பைப் போடு. மணி அடிச்சா எழும்பி ஓடலாம்.

யோகராணி: ம்… ஒரு முட்டை வேணும். ஐயோ, இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நீங்கள் விரதம்.

சிவனேஸ்வரி: அதுக்கென்ன? இந்தா.

யோகராணி: நீங்கள் எடுத்துத் தாறியளோ? முட்டையையோ?

சிவனேஸ்வரி: ஏன், என்ர கை என்ன கரைஞ்சோ போடும்?

யோகராணி: போன வெள்ளிக்கிழமை முட்டைக் கோதைக் குப்பையில கண்டிட்டு வீட்டைத் தலைகீழாக்கினியள்.

சிவனேஸ்வரி: அது போன வெள்ளி. நீ வேணுமெண்டால் அவிச்சும் சாப்பிடு. இப்ப உனக்குச் சத்து வேணும்.

யோகராணி: எனக்குச் சாப்பிட இல்லை, தண்ணிக்குள்ள போட. உப்புச் சரியெண்டால் முட்டை மிதக்கும். வெளியில தெரியிற துண்டு பத்துச் சதக் காசுக் குத்தியளவு இருக்கவேணுமாம். ஸ்டவ்ரூலா அப்பிடித்தான் பாக்கிறவ.

சிவனேஸ்வரி: பக்கத்து வீட்டுக் கிறீக் மனிசி சொன்னால் உனக்கு வேதவாக்கு.

யோகராணி: அவவின்ர மரத்து ஒலிவ்காய்தானே. பாருங்கோ… அடியில கிடக்கு. இன்னும் ரெண்டு பிடி போடுவம்.

சிவனேஸ்வரி: என்ன காயோ, என்ன கசப்போ. பாக்க எங்கட வெரளிக்காய் மாதிரியே கிடந்து ஏமாத்திப்போட்டுது.

யோகராணி: வெரளி எண்டு நினைச்சு உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கடிச்சியள். பிறகு வேலி மட்டும் ஓடிப்போய்த் துப்பினியள்.

சிவனேஸ்வரி: சிரி, சிரி. நல்லாச் சிரி. இந்த நேரம் மனம் சந்தோசமா இருக்கவேணும்.

யோகராணி: எந்த நேரம்?

சிவனேஸ்வரி: …பின்னேரம்.

யோகராணி: மச்சாள், உங்களுக்கு இண்டைக்கு என்ன? வாளியைத் தூக்கவிடுறியளில்லை, முட்டையைக் கையால தொடுறியள், சத்து எண்டிறியள்… ஆ, மிதக்குது! மேல வருது பாருங்கோ.

சிவனேஸ்வரி: பாத்தன். சரி, உப்புத் தண்ணியைக் காய்க்கு மேல விட்டு மூடு.

யோகராணி: வரேக்கை ஸ்டவ்ரூலாவை வேலியடியில கண்டனான்.

சிவனேஸ்வரி: அவள் எப்ப வேலியடியில இல்லை?

யோகராணி: மத்தியானம் எங்கட வீட்டு ரெலிபோன் அடிச்சு அடிச்சு நிண்டதாம். ஜன்னலாலை கேட்டதாம்.

சிவனேஸ்வரி: அது… நம்பர் மாறி வந்தது.

யோகராணி: வரேல்லை எண்டனீங்கள்.

சிவனேஸ்வரி: மாறி வந்ததெல்லாம் வந்த கணக்கோ?

யோகராணி: ஆர் கதைச்சது? ஆம்பிளையோ, பொம்பிளையோ?

சிவனேஸ்வரி: என்னைக் கூண்டில ஏத்திக் கேள்வி கேக்கிறியோ? மீதி உப்பை எடுத்து வைக்கிறன், விடு…

யோகராணி: பொறுங்கோ. உப்புப் பைக்குக் கீழ என்ன?

சிவனேஸ்வரி: ஒண்டுமில்லை. அம்மாவுக்கு எழுதின கடிதம். தா இஞ்ச.

யோகராணி: இதில என்ர பேர் கிடக்கு.

சிவனேஸ்வரி: பிறத்தியாற்ர கடிதம் வாசிக்கிறது என்ன பழக்கம்? தா எண்டிறன்!

யோகராணி: “18.06.1976. பேரன்புடைய அம்மாவுக்கு மகள் சிவனேஸ்வரி எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். தங்கள் நலத்திற்கு நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். ஆறு ஆண்டுகளாக நாம் காத்திருந்த செய்தியை இன்று தங்களுக்கு அறியத்தருகிறேன். தம்பி மகேந்திரராஜாவின் மனைவி யோகராணி முழுகாமல் இருக்கிறாள்…” என்ன இது? நான் முழுகாமல் இருக்கிறனோ?

சிவனேஸ்வரி: எத்தினை நாளுக்கு மறைப்பாய்?

யோகராணி: “…அவள் தானாக வாய் திறக்கவில்லை, நானே கண்டுகொண்டேன். இனி அவள் வேலைக்கோ படிப்புக்கோ செல்ல வேண்டியதில்லை. பயிற்சிக்கு அழைத்த ஆஸ்பத்திரித் தலைமைத் தாதி இன்று நண்பகல் தொலைபேசியில் பேசினார். அவள் வரமாட்டாள் என்று நான் தெளிவாகக் கூறிவிட்டேன்.”

சிவனேஸ்வரி: ஓம். கூறிவிட்டன். இப்ப என்ன?

யோகராணி: மேற்றனிட்டயோ? நான் வரமாட்டன் எண்டோ?

சிவனேஸ்வரி: தெளிவாய்.

யோகராணி: திறப்பைத் தாங்கோ.

சிவனேஸ்வரி: தரமாட்டன்.

யோகராணி: மச்சாள், நாலு நாற்பது! இருவது நிமிசம் கிடக்கு. எனக்கு வயித்தில ஒண்டுமில்லை. சத்தியமா இல்லை. திறப்பைத் தாங்கோ!

சிவனேஸ்வரி: கத்தாதை. உடம்புக்குக் கூடாது.

யோகராணி: ஐயோ கடவுளே… ஆர் உங்களுக்கு இதைச் சொன்னது?

சிவனேஸ்வரி: இந்த வாளி சொன்னது.

யோகராணி: வாளியோ?

சிவனேஸ்வரி: நான் இஞ்ச வந்து எட்டு மாசம். மாசாமாசம் “மச்சாள், எனக்குச் சுகமில்லை” எண்டு சொல்லிப்போட்டு மூண்டு நாள் அறைக்குள்ள இருந்தனீ. குசினிக்கு வரமாட்டாய். ஊறுகாய்ச் சாடியைத் தொடமாட்டாய். சமையல் நான். சரியோ?

யோகராணி: சரி.

சிவனேஸ்வரி: இந்தக் காயை வாளிக்குள்ள போட்டு நாற்பது நாள். ஒரு நாளும் விடாமல் நீதான் தண்ணி மாத்தினனீ. நான் எண்ணினனான். ஒரு நாள்… ஒரு நாள் எண்டாலும் சுகமில்லை எண்டு ஒதுங்கினியோ?

யோகராணி: அது… இடையில அவர் மாத்தினவர்.

சிவனேஸ்வரி: தம்பி பெண்டிகோவில ரோட்டு அளக்கப் போய் ஒரு மாசத்துக்கு மேல. வாளி தானா எழும்பிப் பைப்படிக்குப் போனதோ?

யோகராணி: நாள் தள்ளிப் போயிருக்கும்…

சிவனேஸ்வரி: அதைத்தானே பிள்ளை நானும் சொல்லுறன்!

யோகராணி: அப்பிடியில்லை! மச்சாள், நான் நேர்ஸ். என்ர உடம்பு எனக்குத் தெரியாதோ?

சிவனேஸ்வரி: ஆறு வருசமா அம்மா கோயில் கோயிலாப் போய் நேத்தி வைக்கிறா. உனக்குத் தெரிஞ்சு என்ன, தெரியாமல் என்ன? நோயாளியளைத் தூக்கிறது, இரவு வேலை… அந்தப் பிள்ளை தங்குமோ? நான் விடமாட்டன். நீ என்னைப் பேசினாலும் பேசு.

யோகராணி: சந்தியில இருக்கிற ரெலிபோன் பெட்டிக்கு ஓடுறன்.

சிவனேஸ்வரி: ஓடு. வயரை அறுத்துத் தொங்கவிட்டிருக்கிறாங்கள். நேற்று நீதான் சொன்னனீ.

யோகராணி: ஸ்டவ்ரூலா வீட்டில…

சிவனேஸ்வரி: அவள் வீட்டில ரெலிபோன் இருந்தால் இஞ்ச வந்து கிறீசுக்கு எடுத்து மணித்தியாலக் கணக்காக் கதைப்பாளோ? அதுக்காகத்தானே தம்பி பூட்டுப் போட்டவன்.

யோகராணி: நாலு நாற்பத்தெட்டு. மச்சாள், கெஞ்சிக் கேக்கிறன். இதை விட்டால் இனி எனக்கு வயது கூடிப்போச்சு எண்டு சொல்லுவினம். முப்பத்தஞ்சுக்குப் பிறகு எடுக்கமாட்டினம்.

சிவனேஸ்வரி: நல்லது.

யோகராணி: நல்லதோ? ஏன் மச்சாள், எனக்கு என்ன செய்தனீங்கள் எண்டு தெரியுதோ? இது பிள்ளைக்காக மட்டும்தானோ?

சிவனேஸ்வரி: வேற என்னத்துக்கு?

யோகராணி: உங்களைத்தான் கேக்கிறன்.

சிவனேஸ்வரி: …முதல் ஆறு மாசம் ஹொஸ்ரல்ல தங்கவேணும் எண்டு நீ சொன்னனீ.

யோகராணி: ஓம்.

சிவனேஸ்வரி: தம்பி எந்த நாளும் ரோட்டில. நீ ஹொஸ்ரல்ல. நான்? கதவில ஆரும் தட்டினால் நான் மேசைக்குக் கீழ போய் இருக்கிறனான் பிள்ளை. பால்காரனுக்கும் பயம், தபால்காரனுக்கும் பயம். நீ நாலு மணிக்கு வருவாய் எண்டு மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்.

யோகராணி: அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே.

சிவனேஸ்வரி: சொன்னால் சிரிப்பாய். ஆனால் அதுக்காக இல்லை. பிள்ளைக்காகத்தான். அப்பிடித்தான் நான் நினைச்சனான்.

யோகராணி: பிள்ளை இல்லை, மச்சாள்.

சிவனேஸ்வரி: அப்ப வாளிக்கு ஒரு மறுமொழி சொல்லு. சொன்னால் திறப்பைத் தாறன்.

யோகராணி: நாலு அம்பத்திரண்டு.

சிவனேஸ்வரி: மணிக்கூட்டை விடு. என்ர முகத்தைப் பார்.

யோகராணி: மே மாசம் இருவத்தாறு, இருவத்தேழு, இருவத்தெட்டு.

சிவனேஸ்வரி: என்ன அது?

யோகராணி: அந்த மூண்டு நாள்.

சிவனேஸ்வரி: எந்த…

யோகராணி: நான் சொல்லேல்லை. சொல்லாமல் குசினிக்கு வந்தனான். தண்ணி மாத்தினனான். ஒவ்வொரு காயையும் கையால கழுவினனான்.

சிவனேஸ்வரி: பொய். படிப்புக்காகப் பொய் சொல்லுறாய்.

யோகராணி: ஒரு நாள் தண்ணி மாத்தாட்டிலும் கசப்பு நிண்டிடும் எண்டு ஸ்டவ்ரூலா சொன்னவ. அவர் வீட்டில இல்லை. உங்களைக் கேக்க, கிறீக்கின்ர காயைத் தொடமாட்டன் எண்டு போட்டியள். நான் வேற என்ன செய்யிறது?

சிவனேஸ்வரி: அப்பிடித் தொட்டிருந்தால் காய் அழுகியிருக்கும்!

யோகராணி: ஒண்டு கூட அழுகேல்லை. ஆரும் தொடாமல் நீங்கள் ஜன்னலடியில வைச்ச தேசிக்காய் ஊறுகாய்தான் பூஞ்சணம் பிடிச்சது.

சிவனேஸ்வரி: அது வெயில் காணாமல்… இருவத்தெட்டு என்ன கிழமை?

யோகராணி: வேண்டாம் மச்சாள்.

சிவனேஸ்வரி: என்ன கிழமை?

யோகராணி: வெள்ளி.

சிவனேஸ்வரி: விரதச் சோறு…

யோகராணி: நான்தான் காய்ச்சினனான்.

சிவனேஸ்வரி: முருகா… சாமி விளக்கு?

யோகராணி: ஓம்.

சிவனேஸ்வரி: நீ… நீ அதுக்கு எனக்கு நஞ்சு வைச்சிருக்கலாம்.

யோகராணி: பேசுங்கோ. எவ்வளவும் பேசுங்கோ. ஆனால் நம்புங்கோ.

சிவனேஸ்வரி: நம்பமாட்டன். சாட்சி?

யோகராணி: சனிக்கிழமை விடிய நாலு மணிக்கு முழுகினனான். ஹீற்றருக்கு முன்னால தலையைக் காயவைச்சுக்கொண்டு இருக்க நீங்கள் எழும்பி வந்தனீங்கள். “இந்தக் குளிருக்குள்ள ஆர் உன்னை முழுகச் சொன்னது? தடிமன் பிடிக்கும்” எண்டு பேசிப்போட்டு, உங்கட துவாயால என்ர தலையைத் துவட்டிவிட்டனீங்கள். ஞாபகம் வருதோ?

சிவனேஸ்வரி: தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது.

யோகராணி: ஓம்.

சிவனேஸ்வரி: அப்ப… ஒண்டுமில்லை.

யோகராணி: ஒண்டுமில்லை மச்சாள்.

சிவனேஸ்வரி: நான் பேரும் யோசிச்சு வைச்சிட்டன்.

யோகராணி: …எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் முதல்லயே சொல்லியிருப்பன்.

சிவனேஸ்வரி: அந்தக் கடிதத்தைக் கிழி. அம்மா வாசிக்கக்கூடாது.

யோகராணி: கிழிக்கிறன். இப்ப திறப்பைத் தாங்கோ. நாலு நிமிசம் கிடக்கு. “மச்சாள் பிழையா விளங்கிச் சொல்லிப்போட்டா, நான் வாறன்” எண்டு சொல்லவேணும். கேப்பினமோ, கேக்கமாட்டினமோ… தாங்கோ மச்சாள்!

சிவனேஸ்வரி: இந்தா. ஆனால் எடுத்து என்னத்தைச் சொல்லப்போறாய்?

யோகராணி: இப்பதானே சொன்னனான்.

சிவனேஸ்வரி: கடிதத்தில நான் கொஞ்சம் கூட்டித்தான் எழுதினனான் பிள்ளை… அந்த மனிசி “யோகராணி கமிங்? கமிங்?” எண்டு ரெண்டு தரம் கேட்டா. வரமாட்டாள் எண்டு சொல்லத்தான் வாயெடுத்தனான். வெள்ளைக்காரற்ர குரலைக் கேட்டால் எனக்கு மற்றச் சொல்லு ஒண்டும் வராது… “யெஸ், தாங்க்யூ” எண்டிட்டன். “மண்டே, செவன்” எண்டிட்டு அவ வைச்சிட்டா. திங்கக்கிழமை காலமை ஏழு மணிக்கு வரட்டாம்.