எடது பக்கம் சாயற வண்டி

— புடிங்க, புடிங்க! ஏங்க, மறுபடியும் உருண்டுச்சி!

— பாத்தேன், பாத்தேன். ரிமோட்ட நீயே வெச்சிக்கோ எழிலு. அதே பாறை மேல திரும்ப ஏத்து. எந்தச் சக்கரம் மொதல்ல தூக்குதுன்னு நான் குனிஞ்சி பாக்கறேன்.

— வலது முன்சக்கரந்தாங்க. அது தூக்குனதும் பாடி அப்டியே எடது பக்கம் சாயுது. இன்னிக்கும் எப்டிங்க சாயுது?

— இன்னா கேள்வி இது? மூணு வாரமா அப்டிதான சாயுது.

— அதுக்கில்ல... ஷாக் அப்சார்பர்ல ஆயில் மாத்திட்டீங்களே, அதான் கேட்டேன்.

— கெட்டி ஆயிலுதான் ஊத்துனேன். ஷாக் மெதுவா அமுங்கும், பாடி பட்டுன்னு சாயாது. ஸ்பிரிங்கயும் ஒரு சுத்து டைட்டு வெச்சேன்.

— நேத்து டைட்டு ஜாஸ்தின்னு லூசு பண்ணீங்க!

— லூசு வெச்சா ஆடுது. டைட்டு வெச்சா சக்கரம் பாறைய வுட்டு எழும்புது. எனக்கே தல சுத்துது, போ.

— கள்ளக்குறிச்சில லாரிக்கே சக்கரம் பாக்கறவரு. இம்மாத்தூண்டு பொம்ம வண்டிக்கி வழி தெரியலியா?

— லாரி இப்டி பாறை மேல ஏறாதே எழிலு.

— பஸ்ஸு மாதிரி ஒசரமா பாடி வாங்கி மாட்டுனீங்க, அதுவா இருக்குமோ? பேட்டரிய கீழ எறக்கிப் பாருங்க. கூரை மேல இருக்கற கேரியரயும் கழட்டிடுங்க.

— ரெண்டும் நேத்தே பண்ணிட்டேன். நல்லாப் பாரு, கேரியர் எங்க இருக்குது?

— அப்போ சாயவே கூடாதே! எனக்கு ஒண்ணுமே புரியலிங்க. நாளைக்கி வெள்ளிமலைல எல்லாரும் வண்டி வுடறப்போ உங்க கூட்டாளிங்க முன்னாடி இப்டி உருண்டுச்சின்னா?

— உருண்டா உருளட்டும்.

— அப்டி சொல்லாதீங்க.

— பொம்ம வண்டிதான? அதுக்குப் போய் ஏன் இப்டி வேர்த்துக்கினு நிக்கற? அணைக்கி மீன் புடிக்க வந்தவங்கல்லாம் உன்னயே பாக்கறாங்க.

— ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?

— சொல்லு.

— இந்த வண்டி தானா சாயலிங்க. நான்தான் சாய வெச்சேன்.

— நீயா?

— தொவைக்கப் போட்ட உங்க பேண்ட் பாக்கெட்டுல சக்கரத்துல ஒட்டற ஈயத்துண்டு கெடந்துச்சி, பேலன்ஸுக்கு ஒட்டுவீங்களே, அது. நாலு துண்ட கூரைக்கி உள்ள, எடது ஓரமா ஒட்டிட்டேன்.

— ஏன் எழிலு?

— கொழந்த கலைஞ்சி ஆஸ்பத்திரிலேருந்து வூட்டுக்கு வந்தமே, அப்போலேருந்து நீங்க எங்கிட்ட பேசுனது இன்னாங்க? ‘சோறு போடு’, ‘சாவி எங்க’. அவ்ளோதான். நான் அழுதா எழுந்து வெளிய போய்டுவீங்க. ஒரு ஞாயித்துக்கெழம இந்த அணைப் பக்கம் வந்தப்போ வண்டி அதுவா உருண்டுச்சி. ‘எழிலு, ரிமோட்ட புடி’ன்னு கூப்ட்டீங்க. அன்னிக்கி ஒரு மணி நேரம் பேசிக்கினே இருந்தீங்க. சிரிச்சீங்க கூட. மறுநாள் வண்டி நல்லா ஓடுச்சி. நீங்க திரும்ப ஊமையாய்ட்டீங்க.

— அதனால ஒட்டுன.

— ஆமாங்க. தப்புதான். நாலு பேரு முன்னாடி உங்களுக்கு அவமானம் வேணாம்னு, காலைல நீங்க கடைக்கிப் போனதும் நாலயும் பிச்சி எடுத்துட்டேன். பீரோ மேல வெச்சிருக்கேன், வேணும்னா வந்து பாருங்க. எடுத்தப்புறமும் எப்டிங்க சாயுது? அதான் எனக்குப் புரியவே இல்ல.

— பீரோ மேல இல்ல.

— இல்லியா?

— நீ ஒட்டுன மறுநாளே பாத்துட்டேன். எடுக்க மனசு வர்ல. இன்னிக்கி மதியம் சோத்துக்கு வந்தப்போ கூரைய தடவுனேன், வெறுசா இருந்துச்சி. நான்தான் தேடிக் கண்டுபுடிச்சி அதே எடத்துல திரும்ப ஒட்டுனேன் எழிலு. இது நேராப் போச்சின்னா, உங்கிட்ட இன்னான்னு சொல்லி வாயத் தொறக்கறதுன்னு எனக்குத் தெரியல.