ஜூன் மாதக் கண்ணாடி

கண்ணாடியைக் கைலி நுனியால் துடைக்காதீர்கள் என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வேன். துணியில் இருக்கிற தூசி கோடு போட்டுவிடும். தண்ணீரில் காட்டிவிட்டு, நைந்த வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தால் பல வருஷம் வரும். நாகூர் கனி அண்ணன் இப்போது கைலி நுனியால்தான் துடைத்துக்கொண்டிருக்கிறார். பரவாயில்லை. கோபமாக இருக்கிறவரிடம் அதையெல்லாம் சொல்லக் கூடாது.

போலீசுக்குப் போகிறதற்கு முன்னால் என் வாயால் கேட்க வேண்டும் என்றீர்கள். நியாயம்தான். என் வீட்டில் டீ குடிக்காதவர் உங்களில் ஒருவரும் இல்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், ஆனால் முறையாகச் சொல்லவிடுங்கள். அய்யாத்துரை, கீழ்ப் பட்டறையிலிருந்து எடுத்து வந்த அந்தத் தோல் வெட்டுகிற கத்தியைக் கொஞ்சம் கீழே வைத்துவிடு. நான் எங்கேயும் ஓடப்போவதில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து நாங்கள் பம்பாய்க்கு வந்தது எண்பத்திரண்டில். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. டாக்டர் எழுதிக் கொடுக்கிற நம்பருக்குக் கண்ணாடியை எடுத்து, சாணையில் ஓரம் தேய்த்து, ஃபிரேமில் பொருத்த வேண்டும். தாராவியில் இந்தச் சாலில், இந்த வரிசை வீடுகளில், ஒரு கோலி கிடைத்தது, ஒரே அறை. நான், என் மனைவி செண்பகவல்லி, மகள் கனகவள்ளி. கனகாவுக்கு அப்போது ஆறு வயது.

ஊரில் செண்பகவல்லிக்கு வாய் ஓயாது. இங்கே வந்த பிறகு குழாயடியில்கூட அவள் பேசவில்லை. இந்தி தெரியாது. தமிழ்க்காரர்களிடம் தானாகப் போய்ப் பேசவும் கூச்சம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் சாயங்காலம் வரும்போது காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

"ஊருக்கே போயிருவமா?" என்பாள்.

"இங்க என்ன கொற?"

"ஒரு கொறயும் இல்ல. ஒரு ஆளும் இல்ல."

எனக்கும் ஆள் கிடையாது. கடையில் எல்லோரும் குஜராத்தி பேசுவார்கள், மத்தியானம் நான் தனியாகச் சாப்பிடுவேன். அதையெல்லாம் அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அந்த மழைக்காலத்தில் கனகாவுக்குக் கண்வலி வந்தது. ஊரெல்லாம் வந்ததுதான், பெரிய விஷயமில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. மறுநாள் பக்கத்துக் கோலி ஆபிதா கதவைத் தட்டினாள். நாகூர் கனி அண்ணன் சம்சாரம்தான், உங்களுக்குத் தெரிந்த ஆபிதாதான். ஆனால் அன்றைக்கு வரைக்கும் அவள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. கையில் இலைப் பொட்டலம்.

"புள்ளைக்குக் கண்ணு செவந்திருக்குன்னு எங்க மக ரஷீதா சொன்னா. நந்தியாவட்டப் பூ. மாதுங்கா மார்க்கெட்ல தேடிப் புடிச்சேன். கண்ணு மேல வச்சுக் கட்டுங்க, குளுமையா இருக்கும்."

நான் வேலை முடிந்து வந்தபோது என் கோலி வாசலில் செருப்புகள் கிடந்தன. வீடு மாறி வந்துவிட்டேனோ என்று நின்றேன். உள்ளே கனகா கண்ணில் பூவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரஷீதா ஜன்னலில் நின்று, தெருவில் நடப்பதை எல்லாம் பார்த்து அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணாச்சி" என்று என் வீட்டுக்குள்ளேயே என்னை ஒருவர் வரவேற்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

கண்வலி சரியாகிவிட்டது. செருப்புகளும் போய்விட்டன. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

கொஞ்ச நாளில் கனகாவுக்குக் கண்ணாடி போட வேண்டி வந்தது. இளநீல ஃபிரேம், அவளே பொறுக்கியது. கண்வலி உள்ளே சேதம் பண்ணிவிட்டது, கடைக்கு வருகிற டாக்டரிடம் காட்டிவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். கண்ணாடி போட்டும் அவளுக்குக் கரும்பலகை தெரியவில்லை. முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள், அப்போதும் தெரியவில்லை. கணக்கைத் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டு வந்தாள். "வீட்லயே படிக்கட்டும்" என்று நான்தான் சொன்னேன். கையில் இருக்கிற புத்தகம் அவளுக்கு நன்றாகத் தெரியும், பக்கத்தில் வைத்துக்கொண்டால்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஆபிதா தானாக வந்து இந்தி சொல்லிக் கொடுத்தாள். ரஷீதாவுக்குத் தமிழ் படிக்க வராது, அவள் செண்பகவல்லியிடம் கற்றுக்கொண்டாள். பாகீரதி மாமி என் கடைக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி போட வந்தவர். மகளைப் பற்றிச் சொன்னேன். "குழந்தைக்குக் கணக்கு நான் சொல்லித் தரேன்" என்று மாதுங்காவிலிருந்து பஸ் பிடித்து வர ஆரம்பித்தார். அய்யாத்துரை, நீ செம்பூருக்கு மாற்றலாகி வந்தது பாதி வருஷத்தில். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இடமில்லை என்று உன் பிள்ளைகள் இரண்டையும் வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாய். மாமி சொல்லித்தான் எங்களைத் தேடி வந்தாய். "நம்மள மாதிரி இன்னொரு வீடு இருக்குன்னு கேட்டதும் பாதி பாரம் இறங்கிருச்சு அண்ணாச்சி" என்று நீ வாசலில் நின்று சொன்னது எனக்கு மறக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கோலியில் உட்கார இடம் இருக்காது. செண்பகவல்லி பத்துப் பேருக்கு டீ போடுவாள். அவள் குரல் சால் முழுக்கக் கேட்கும். ஒரு தடவை எல்லோரும் மிருகங்களைப் பார்க்க ராணி பாக் போனோமே. கனகாவுக்கு யானை இருக்கிற இடமே தெரியவில்லை. பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்றுகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். "காத ஆட்டுது. சூண்டால மண்ண அள்ளி முதுகுல போடுது" என்றாள் ரஷீதா. "தும்பிக்கைன்னு சொல்லுடீ" என்றார் மாமி. கனகாவுக்காகப் பார்த்துச் சொல்லிச் சொல்லியே உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வந்தது. அதை நீங்களே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். இப்போது மறந்திருக்கலாம்.

மே கடைசியில் மட்டும் கொஞ்சம் சங்கடம் வரும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். "இந்த ஜூன்ல சேத்துப் பாப்பமா?" என்று செண்பகவல்லி ஆரம்பிப்பாள். நான் கனகாவைக் கடைக்குக் கூட்டிப் போவேன். நம்பர் ஏறியிருக்கும். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவாள், பள்ளிக்கூடப் பேச்சு நின்றுவிடும். ஒவ்வொரு ஜூனிலும் இப்படித்தான்.

எண்பத்துநாலு மழையில் அவள் மூடாத சாக்கடையில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தூக்குவாளி வந்தது. நாகூர் கனி அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தார். நல்ல மாதம் அது.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மாமி தன் கண்ணாடியை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்திருந்தார். அய்யாத்துரை மகன் சட்டைக்குப் பட்டன் தைக்க வேண்டும், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. "உன்னோடதைக் கொஞ்சம் தாடி" என்று கனகாவின் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டார். நான் அப்போது பிஸ்கட் வாங்கக் கீழே போயிருந்தேன். இருந்திருந்தால் தடுத்திருப்பேன்.

நான் திரும்பி வந்து வாசலில் நிற்கிறேன். மாமி ஊசியை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடேயப்பா, ஊசிக்காது கிணறாட்டம் தெரியறதே" என்று சிரித்தார். நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "தூரத்துல ஒண்ணுமே தெரியலையே. இது என்னோடது மாதிரின்னா இருக்கு. கிழவா போட்டுக்கற கண்ணாடின்னா இது?"

கனகா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மாமி, சீக்கிரம் குடுங்க" என்றாள்.

"கண்ணைத் தொறடீ."

"தொறக்கக் கூடாது மாமி. செலவாயிரும்."

"எது?"

"வெளிச்சம்."

அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். முதல் கண்ணாடி போட்ட அன்றைக்கே, "கழட்டுனாத்தாம்பா நல்லாத் தெரியுது" என்றாள். பிள்ளை பொய் சொல்லவில்லை. "அப்படித்தான் தெரியும். ஆனா ஒன் கண்ணுல வெளிச்சம் கொஞ்சந்தான் மிச்சம் இருக்கு. கண்ணாடி இல்லாமப் பாத்தா அது செலவாயிரும். அப்புறம் ஒண்ணுமே தெரியாது" என்றேன். அதற்குப் பிறகு அவள் முகம் கழுவும்போதுகூடக் கண்ணைத் திறந்ததில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

மாமி அவள் முகத்தைப் பிடித்து, ஜன்னலுக்கு வெளியே எதிர்ச் சால் பக்கம் திருப்பினார். "ஒரே ஒரு தரம் தொற. அந்தக் காலண்டர்ல என்ன எழுதியிருக்கு?" கனகா திறந்தாள். காலண்டரில் இருந்த மளிகைக் கடையின் பெயரை, அடியில் இருந்த சின்ன எழுத்துகளோடு சேர்த்து, நிறுத்தாமல் படித்தாள். உடனே மூடிக்கொண்டாள். "போதும் மாமி. இனிமே பாக்க மாட்டேன்" என்றாள். செண்பகவல்லி கையில் டீ வடிகட்டி இருந்தது. அவள் என்னைத்தான் பார்த்தாள்.

மீதியை நீங்கள் கேட்க வேண்டியதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கடையின் பின்னால் ஒரு தகர டப்பா இருக்கிறது. ஆட்கள் மாற்றிவிட்டுப் போன பழைய வெள்ளெழுத்துக் கண்ணாடிகள் அதில் கிடக்கும். அதிலிருந்து எடுத்துத் தேய்த்து என் மகளுக்குப் போட்டேன். எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. அவள் கண்ணில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. ஒவ்வொரு ஜூனிலும் நம்பரை ஏற்றியது நான். நாலு வருஷம். தலைவலி என்று அழுவாள், செண்பகவல்லி சுக்கு அரைத்துப் பற்றுப் போடுவாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இடது கண் மங்கிப்போன விஷயம் எனக்குத் தெரியாது. அதை நம்புங்கள். டப்பாவில் ஜோடி சரியாகக் கிடைக்காது, இடது பக்கம் எப்போதும் பெரிய நம்பராக அமைந்துவிட்டது. சின்ன வயதில் கண்ணும் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம், இவளுடைய இடது கண் கற்றுக்கொள்ளவில்லையாம், இனிமேல் வராது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். வலது கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செண்பகவல்லிக்காகத்தான் செய்தேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவள் பக்கத்துக் கோலிக்குப் போய்விட்டாள்; இதை அவளிடமே சொல்லப் போனேன். ஆபிதா வீட்டுக் கதவை அவள் திறக்கவில்லை. உள்ளேயிருந்து பேசினாள். "எனக்காகச் செஞ்சேன்னு மட்டும் சொல்லாதீய. நான் ஊருக்குப் போவோம்னுல்லா சொன்னேன்." கோபத்தில் பேசுகிறாள். அன்றைக்கு எங்கள் வாசலில் கிடந்த செருப்புகளை அவளும்தானே பார்த்தாள்.

ஆபிதா மட்டும் வெளியே வந்தாள். அழுதிருந்தாள். "புள்ளைக்குக் கண்ணு நல்லா இருந்தாலும் நாங்க வந்திருப்போமே அண்ணாச்சி. ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா போதுமே" என்றாள்.

கூப்பிட்டிருக்கலாம். நான் யோசிக்காமல் இல்லை. கூப்பிட்டு, டீயும் போட்டு வைத்து, ஒருவரும் வராமல் போயிருந்தால் என்ன செய்வது? சீக்குக்காரப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குக் கூப்பிடாமலே வருவார்கள். எனக்கு அதுதான் தோதாக இருந்தது.

கனகா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. மாமி அந்தக் கண்ணாடியை உடைத்துவிட்டார். டாக்டர் சொல்லியும், அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சியும், திறக்க மாட்டேன் என்கிறாள். காலையில் ஒரு தடவை மட்டும் திறந்து செண்பகவல்லி முகத்தைப் பார்க்கிறாளாம். "ஒன்ன மட்டும் பாத்துக்கிடுதேன்மா. மிச்சத்த வச்சிருக்கேன்" என்கிறாளாம். இந்த நிலையில் பிள்ளையை எப்படிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவீர்கள்? நீங்களே சொல்லுங்கள். கொஞ்ச நாளைக்கு வீட்டில் வைத்துத்தான் படிப்பு சொல்ல வேண்டும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

அவள் கண்ணாடிதான் கேட்கிறாள். கேட்டுவிட்டாள், என்ன செய்வது. செய்து வைத்திருக்கிறேன். சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஜூன் பிறக்கப் போகிறது என்பதால் கொஞ்சம் ஏற்றியிருக்கிறேன்.

ஆபிதா சொன்னதையும் யோசித்துப் பார்த்தேன், அவள் சொன்னது சரிதான். அதனால் இப்போது கூப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள், டீ போட்டு வைக்கிறேன்.