தலைப்பு யார் குடுத்தது?

கெமாஸ் ரயில் ஸ்டேசன்லதான் மாயாண்டிய நான் கடைசியா உசுரோட பாத்தேன். வெள்ளையா, புதுத் துணி கட்டிக்கிட்டு சாமான் பெட்டியில ஏறுனான். சப்பான்காரன் காலம் தம்பி. கட்டத் துணி கெடையாது, எங்களுக்கெல்லாம் இடுப்புல கோணிச் சாக்குதான். அந்தக் கூட்டத்துல அவன் ஒருத்தன்தான் மாப்பிள்ள மாதிரி நின்னான். மூணு மாசம்தான்டா, அரிசியோட வாரேன்னு கத்துனான்.

இல்ல, பேச்சு மாறல. நீங்க கேட்டதுக்குத்தான் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன். காப்பியக் குடிங்க. செத்துப்போன என் சம்சாரம் பஞ்சாலை பேருல பேச்சுப் போட்டிக்குக் கோப்பை குடுக்கணும், அதுக்கு நான் சரின்னு சொல்லணும், அவ்வளவுதான? சப்பான் காலத்துலயே தோட்டத்துச் சொற்போர்ல ஜெயிச்ச பஞ்சாலைன்னு யாரோ சொல்லி, சிரம்பான்லேருந்து மோட்டார்ல வந்திருக்கீங்க. ஜெயிச்சா. பொய் இல்ல.

பள்ளிக்கூடம் எடம் குடுக்குது, உங்க சங்கம் நடத்துது, பணம் போடுறது வீடு கட்டுற கம்பெனி. மூணு பேரும் கூட்டு. நல்லதுதான் லா. புள்ளைங்க மேடையேறிப் பேசணும்னு எனக்கு ஆசை இல்லையா? நான் மூணாவதோட நின்னவன், மிச்சத்தையெல்லாம் கடலை மடிச்சுக் குடுக்குற பேப்பர்லதான் படிச்சேன். ஆனா தலைப்பு போட்டிருக்கே, தோட்டத்தை விட்டுப் போவதே முன்னேற்றம்னு, அத யாரு குடுத்தது? கம்பெனியா? தோட்டத்து லயத்துல, அந்த வரிசை வீட்டுல இருக்குற சனங்களக் காலி பண்ணச் சொல்லுதே, அதே கம்பெனியா?

சும்மா பயிற்சிங்கிறீங்க. ஒட்டியும் பேசுவாங்க, வெட்டியும் பேசுவாங்க, சீட்டு எடுத்துத்தான் கட்சி பிரிப்போங்கிறீங்க. சப்பான் காலத்துல எங்க தோட்டத்துக் கணக்கு எழுதுன கிராணி ஆறுமுகமும் இதேதான் சொன்னாரு.

கேளுங்க. அப்பவும் மூணு பேரு கூட்டுதான். கிராணி பள்ளிக்கூடத்தத் தொறந்து விட்டாரு. கடைக்காரரு சொக்கப்பன் வந்த சனத்துக்கெல்லாம் மரவள்ளிக் கஞ்சி ஊத்துனாரு. பரிசுத் துணி சப்பான் ஆபீசுலேருந்து வந்துச்சு. துணியோட தலைப்பும் வந்துச்சு. சயாமுக்கு, அதான் இப்ப தாய்லாந்துங்கிறாங்களே, அங்க ரயில் பாதை போடப் போறது நல்லதா, தோட்டத்துலயே கெடக்குறது நல்லதான்னு.

எனக்குத் தோட்டம் விழுந்துச்சு. பஞ்சாலைக்குச் சயாம். சிரிக்காதீங்க, நானும்தான் பேசுனேன். பக்கத்துத் தோட்டத்துலேருந்து போனவங்க ஒருத்தரும் ஏன் சேதி அனுப்பலன்னு ஆரம்பிச்சேன். டிங்குன்னு மணிய அடிச்சிட்டாரு கிராணி. நேரம் முடியல தம்பி! இன்னிக்கு நெனச்சாலும் பத்திக்கிட்டு வருது. மொறச்சுப் பாத்து, ஒக்காருடான்னாரு.

அவ எந்திரிச்சா. பதினாலு வயசு. அடேயப்பா! நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, வயிறு நெறைய அரிசிச் சோறு, திரும்பி வந்து பசு மாடு வாங்குறது, அந்த மாட்டுக்குப் பேரு வைக்கிறது வரைக்கும் சொன்னா. எல்லாம் அவளா இட்டுக்கட்டுனது. சயாம் எந்தத் தெசையில இருக்குன்னுகூட அவளுக்குத் தெரியாது. சனங்க கண்ணத் தொடச்சிக்கிட்டுக் கேட்டாங்க.

எங்க ஆளுங்க அன்னிக்கு வரைக்கும் சொற்போர்னு ஒண்ணப் பாத்ததே இல்ல. சீட்டு எடுத்தது உள்ள. பேசுனது வெளிய. ஒரு பொண்ணு நெஞ்சுல கைய வச்சுப் பேசுனா, அது அவ மனசுல உள்ளதுன்னுதான எடுத்துக்குவாங்க? அதுக்கு முன்னால கங்காணி வீடு வீடாப் போயி மெரட்டியும் ஒருத்தன் அசையல. மறுநா விடிஞ்சா கிராணி வாசல்ல, பேரு குடுக்க வரிசை நிக்குது.

அவ ஓடுனா. ஒவ்வொருத்தர் கையா புடிச்சு, அது சீட்டுல விழுந்த பேச்சுங்க, என் பேச்சு இல்லங்கன்னு அழுதா. கூச்சப்படுது புள்ளன்னு சிரிச்சாங்க. நல்லாப் பேசுனம்மான்னு தலையத் தடவி விட்டாங்க.

உங்க போட்டிய எங்க வைக்கிறீங்க? தோட்டத்துப் பள்ளிக்கூடத்துலயே? லயத்துக்காரங்க எல்லாம் வந்து ஒக்காருவாங்க இல்ல? அப்ப தலைப்ப மாத்திட்டு வாங்க. பணத்த அவங்க குடுக்கட்டும், தலைப்ப நீங்க வையிங்க. முடியாதுன்னா பஞ்சாலை பேரு வேணாம். கம்பெனி கோவிச்சுக்குமா? கோவிச்சுக்கட்டும் லா!

அவளா? அதோட சரி. மேடையில மட்டும் இல்ல, வீட்டுலயும் பேச்சு கெடையாது. உப்பு கூடன்னா ஆமாம்பா. உப்பே இல்லன்னா அதுக்கும் ஆமாம்பா. எவ்வளவு அடக்கமான பொண்டாட்டின்னு ஊரே சொல்லும். எனக்கு எரிச்சலா வரும். ஒரு நாளாவது என்ன எதுத்துப் பேசுடின்னு கத்தியிருக்கேன். அதுக்கும் ஆமான்னுதான் தலைய ஆட்டுவா.

மாயாண்டியா? அதச் சொல்லல இல்ல? அவளோட கூடப் பொறந்த அண்ணன். போகாதன்னு கால்ல விழுந்தா. நீ சொன்னதக் கேட்டுத்தான போறேன், உன் வாயில பொய் வராது புள்ளன்னுட்டான். சாக்கோட போக வேணாம்னு பரிசுத் துணியப் பாதியாக் கிழிச்சு, அவன் இடுப்புல அவளே கட்டி விட்டா.

மிச்சப் பாதிய அவ கட்டிக்கல. உள்ள பெட்டியில இருக்கு.